வரப்பில் நடக்கிற கால்

நாகர்கோவில் ஜங்ஷனில் புனே வண்டிக்காகக் காத்திருந்தபோது அத்தான் இடது காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முட்டிக்குக் கீழே ஒரு சாண் நீளம்தான் அவருடைய சொந்தக் கால். அதன் நுனியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். பக்கத்துப் பெஞ்சில் ஒரு குழந்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் அதன் முகத்தைத் திருப்பினாள்.

"பாக்கட்டும் மக்களே, தடுக்காத. பாத்துப் பழகினாத்தான் பயம் போவும்" என்றார் அத்தான்.

அவர் என் அக்காவின் கணவர். மெட்ராஸ் ரெஜிமெண்டில் நாயக்காக இருந்தவர். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்ததும் 'ஆபரேஷன் பராக்ரம்' என்று படைகளை எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். போர் நடக்கவில்லை. ஆனால் எல்லை நெடுக மண்ணுக்குள் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ராஜஸ்தான் மணலில் அத்தானின் கால் அதில் ஒன்றின்மேல் பட்டது. எதிரியைக் கண்ணால் பார்க்காமலே காலை இழந்தவர் அவர்.

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் படையின் வழித்தோன்றல்தான் இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாலியன். குளச்சல் வெற்றித்தூணுக்கு ஆண்டுதோறும் ராணுவத்தார் வந்து மரியாதை செய்கிறார்கள். போனவர்களையும் வென்றவர்களையும் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. காலோ கையோ இல்லாமல் திரும்பியவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதை அவரவர் வீட்டுக்காரர்கள்தாம் அறிவார்கள்.

புனேக்குப் போகும் யோசனை முதலில் எங்களுக்கு இல்லை. பழைய கால் தளர்ந்துபோயிருந்தது. அவ்வளவு தூரம் எதற்கு என்று பக்கத்திலேயே ஓரிடத்தில் அளவு கொடுத்தோம். ஒருவரே அளவெடுத்தார், இரண்டு நாளில் கால் வந்தது, பணத்தைக் கட்டி வாங்கிக்கொண்டோம். பார்க்கப் பளபளவென்று இருந்தது. பத்து நாள் போட்டார். பதினோராம் நாள் தேரூர்ப் பக்கம் வயலுக்குப் போனவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். காலுறையைக் கழற்றியபோது நுனி ரத்தமாக இருந்தது. டாக்டரிடம் போனால் புண்ணுக்கு மருந்து தந்தார். காலைப் பற்றிக் கேட்டதற்கு, செய்தவரிடம் காட்டச் சொன்னார். செய்தவரோ புண் ஆறட்டும், பிறகு வாருங்கள் என்றார். இருவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நடுவில் நின்றவர் ஒற்றைக் காலோடு நின்றார்.

கன்னிப்பூ அறுவடை முடிந்த கையோடு கிளம்பினோம். கும்பப்பூ நடவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அத்தானின் கணக்கு.

கன்னியாகுமரியிலிருந்து வரும் புனே வண்டி கேரளம் வழியாகச் சுற்றிப் போகிறது. ஒன்றரை நாள் பயணம். நாகர்கோவில் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இரணியல். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நெய்யூர். அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஹோவார்ட் சோமர்வெல் நினைவு வரும். முதல் உலகப் போரில், 1916இன் சோம் சண்டையில், காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் தரையில் கிடக்க, அவர்களில் யாரை முதலில் மேசைமேல் ஏற்றுவது என்று முடிவெடுத்த அறுவை மருத்துவர் அவர். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். தங்கிவிட்டார். போர்க்களத்தில் பழகிய கைகள் எங்கள் ஊர்ப் பனையேறிகளுக்கும் விவசாயிகளுக்கும் வைத்தியம் பார்த்தன. படைவீரனுக்காகக் கற்றுக்கொண்ட வைத்தியம் சாதாரண சனங்களுக்கு வந்துசேர்வதற்கு நாஞ்சில் நாட்டிலேயே இப்படி ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இந்தப் பயணம் முழுக்க அது என் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

பாலக்காடு வரும்போது இருட்டிவிட்டது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அத்தான் காலைக் கழற்றிவிட்டு க்ரேப் பேண்டேஜை எடுத்தார். இருபது வருடத்துக்கு மேலாக அவர் இதைச் செய்வதை நான் பார்த்ததே இல்லை, அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். ரயிலில் சாத்தக் கதவு இல்லை. நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும், எட்டுப் போட்டதுபோல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினார். வட்டமாகச் சுற்றினால் ரத்தம் தடைப்பட்டு நுனி வீங்கிவிடுமாம். சுற்றாமல் விட்டாலும் காலைக்குள் வீங்கி, செயற்கைக் காலின் குழிக்குள், அதாவது சாக்கெட்டுக்குள், இறங்காதாம்.

"பெருவெரலு அரிக்கு மாப்ளே" என்றார் திடீரென்று.

"எந்தக் காலு அத்தான்?"

"போன காலுதான். ராத்திரி ஆனா அரிக்கும். சில நாளு யாரோ பிடிச்சு முறுக்குகதுபோல வலிக்கும். ஒங்க அக்காகிட்டகூடச் சொன்னதில்ல. கிறுக்குன்னு நெனைப்பாளோன்னு."

கிறுக்கு இல்லை. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியேதான் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ்.ராமச்சந்திரன் என்ற தமிழர், 1990களில் ஒரு சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து இந்த வலிக்கு ஒரு வழி கண்டார். இருக்கிற கை அல்லது காலின் பிம்பம் இல்லாததன் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி, இருப்பதை அசைக்கச் சொன்னார். போன உறுப்பே அசைவதாகக் கண்ணுக்குத் தெரிய, பலருக்கு இறுக்கம் தளர்ந்தது. எல்லாருக்கும் பலிப்பதில்லை. ஆனாலும் இன்று உலகமெங்கும் அதைச் செய்து பார்க்கிறார்கள். நான் இதைச் சொன்னதும் அத்தான் நெடுநேரம் பேசவில்லை. "அப்பம் நெறையப் பேருக்கு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை வருடமும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார்.

நள்ளிரவு தாண்டிக் காட்பாடி. வேலூருக்கு இறங்குகிறவர்கள் ஃபைல்களும் ஸ்கேன் உறைகளுமாக இறங்கினார்கள். அந்த வேலூரில்தான் மேரி வர்கீஸ் இருந்தார். இளம் மருத்துவர், 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் ஹோவார்ட் ரஸ்க்கிடம் பயிற்சி பெற்றார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்க விமானப்படை வீரர்கள் படுக்கையிலேயே கிடந்து வீணாவதைப் பார்த்து, மருத்துவர், உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர், தொழில் கற்றுத்தருகிறவர், மனத்தைக் கவனிக்கிறவர் என எல்லாரையும் ஒரே நோயாளியைச் சுற்றி நிறுத்தியவர் ரஸ்க். அந்த முறையை மேரி வர்கீஸ் வேலூருக்குக் கொண்டுவந்தார். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966இல் திறந்தது. சோமர்வெல்லுக்கு நெய்யூர்போல, இங்கேயும் போர்க்களத்து வைத்தியம்தான் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வந்துசேர்ந்திருக்கிறது.

விடிந்தபோது ஆந்திரம். கடப்பை, குந்தக்கல் வெயிலில் பெட்டி கொதித்தது. சாக்கெட்டுக்குள் வியர்த்து வியர்த்து அத்தான் மூன்று தடவை காலுறை மாற்றினார். நாள் ஏற ஏறக் கால் சுருங்கும், அதற்கேற்ப இன்னொரு உறை கூட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது அவராகப் பழகிக்கொண்டது. ராய்ச்சூர், வாடி, சோலாப்பூர் என்று பகல் போய், புனேயில் இறங்கும்போது இரவு.

புனே கன்டோன்மெண்டில் இருக்கும் செயற்கை அவயவ நிலையத்தை ராணுவத்தில் ஏ.எல்.சி. என்பார்கள், அத்தானுக்கு அது 'லிம்ப் சென்டர்'. இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1944இல் தொடங்கியது. அதற்கும் முன்பே, முதல் போரில் ஊனமானவர்களுக்குத் தொழில் கற்றுத்தர 1917இல் பம்பாயில் தொடங்கிய குவீன் மேரி தொழில்நுட்ப நிலையமும் பிறகு இதே புனேயின் கிர்க்கிக்கு வந்து சேர்ந்தது. முதுகுத் தண்டு அடிபட்ட வீரர்களுக்கான இல்லமும் கிர்க்கியில்தான். காயம்பட்டவர்களின் தலைநகரம் என்றே இந்த ஊரைச் சொல்லலாம்.

1971 போரில் சில்ஹெட் பக்கம் கண்ணிவெடியில் கால் சிதைந்து, தன் குக்ரிக் கத்தியாலேயே அந்தக் காலை அறுத்துக்கொண்ட கூர்க்கா படை அதிகாரி இயன் கார்டோசோவின் கதையை அத்தான் வழியிலேயே சொன்னார். அந்த வீரத்தை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதற்குப் பிறகு நடந்தது. மரக்காலோடு ஓடிக் காட்டி, மலையேறிக் காட்டி, பட்டாலியனுக்கும் பின்னர் பிரிகேடுக்கும் தலைமை ஏற்றார். உறுப்பிழந்த அதிகாரி ஒருவருக்கு இந்திய ராணுவத்தில் அது முதல்முறை. காலை அறுத்தது ஒரு நிமிடம். மற்றதெல்லாம் வருடக்கணக்கு.

மறுநாள் காலை அத்தானை ஓர் அறையில் நடக்கச் சொன்னார்கள். உள்ளே ஐந்தாறு பேர் இருந்தார்கள். துணைக்கு வந்தவன் என்று என்னையும் ஓரமாக உட்காரவைத்தார்கள். அத்தான் அந்தப் பக்கம் போனார், திரும்பி வந்தார். இன்னொரு தடவை. மூன்றாம் தடவை. யாரும் காலைத் தொடக்கூட இல்லை.

பிறகு பேச ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பார்த்திருந்தார்கள். மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டு, எலும்பு நுனியைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். பிசியோதெரபிஸ்ட் இடுப்பைப் பார்த்திருந்தார். இடது பக்கம் ஊன்றும்போது உடம்பு சாய்கிறது, இடுப்புத் தசை இளைத்திருக்கிறது என்றார். கால் செய்கிறவர் செருப்பைக் கழற்றி வாங்கி, அடிப்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். நர்ஸ் சர்க்கரை பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டார். பார்த்ததே இல்லை. பார்த்தபோது கூடுதலாக இருந்தது. புண் ஆறாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொருவர் கேட்ட கேள்விகள்தாம் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தன. வீட்டில் எந்த மாதிரிக் கழிப்பறை? குளிப்பது குளத்திலா, வீட்டிலா? தரையில் உட்கார்ந்து சாப்பிடுவீர்களா? கோயிலுக்குப் போவீர்களா? வயலில் வரப்பு எவ்வளவு அகலம்?

அத்தான் இரண்டு கையையும் விரித்து, அப்புறம் யோசித்து, ஒரு கையைக் குறுக்கினார். "இவ்வளவுதான் சாப். மழ பெய்தா வழுக்கும்."

கோயில் கேள்வியின் காரணம் அப்போதுதான் விளங்கியது. செயற்கைக் காலை ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்குப் பொருத்துகிறார்கள். பூட்ஸ் உயரத்துக்குப் பொருத்திய காலோடு வெறுங்காலில் நின்றால் கால் பின்னால் சாயும். முட்டி பின்பக்கமாகத் தள்ளும். நாகராஜா கோயிலில் செருப்பைக் கழற்றியதும் அத்தான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். வயசாகிறது என்று அக்கா சொல்வாள். செருப்பு போடும் நேரம் போடாத நேரம் இரண்டையும் கணக்கில் எடுத்து, தாழ்ந்த செருப்புக்கு ஏற்றபடி காலை அமைக்கலாம் என்று அங்கே முடிவெடுத்தார்கள். ஆனால் உடனே இல்லை. புண் ஆறும்வரை காலே போடக் கூடாது என்றார் மருத்துவர். கால் வாங்க இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தவருக்கு முதலில் கிடைத்தது இரண்டு ஊன்றுகோலும் சர்க்கரை மாத்திரையும். அத்தானுக்குக் கோபம் வந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது.

புண் ஆறிய பின் மாவுக்கட்டு அறை. முட்டிச்சில்லுக்குக் கீழே பாரம் தாங்கக்கூடிய தசைநாண் எங்கே, தாங்காத எலும்பு முண்டு எங்கே என்று கால் செய்கிறவர் விரலால் தேடித் தேடி, அழியாத பென்சிலால் குறியிட்டார். நனைத்த மாவுத் துணியைச் சுற்றி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுகும்வரை அசையாமல் இருந்தார். அந்த அச்சில் மாவை ஊற்றி, அத்தானின் காலைப்போலவே வெள்ளையாக ஒன்று எடுத்தார். அதற்குப் பிறகுதான் வேலையே. பாரம் தாங்கும் இடத்தில் அரத்தால் இழைத்துக் குறைத்தார்; தாங்காத இடத்தில் மாவு பூசிக் கூட்டினார். மில்லிமீட்டர் கணக்கு. சின்ன வயதில் பொற்கைப் பாண்டியன் கதையை எத்தனை தடவை கேட்டிருப்போம். கையை வெட்டிக்கொண்ட அரசனின் நீதியைப் பற்றியே எல்லாரும் சொன்னார்கள். அவனுக்குப் பொன்னால் கை செய்து பொருத்திய தட்டான் யாரென்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த அறையில் நான் அவனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சோதனைச் சாக்கெட் போட்டு இரு கம்பிகளுக்கு நடுவே முதல் நாள் இருபதே நிமிடம். கழற்றி, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் சிவப்பு மறைந்தால் சரி. ஓரிடத்தில் மறையவில்லை. திரும்ப இழைத்தார்கள். மறுநாளும் அதே. பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல, கால் செய்கிறவர் கீழே உட்கார்ந்து திருகைக் கால் சுற்று திருப்புவார். நடப்பார். மறுபடி கால் சுற்று. ஒருவர் கண், இன்னொருவர் கை. இந்த இருவரும் வேறு வேறு ஊரில் இருந்திருந்தால் இந்தக் கால் அமைந்திருக்காது.

அங்கே ஒரு வடநாட்டுப் பையன் இருந்தான். கால் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். டாக்டர் பேசினால் தலையாட்டுவான். மனநல ஆலோசகர் வந்தால் தூங்குவதுபோல இருப்பான். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்வான்; நர்ஸ் எடுத்துவிட்டுப் போனதும் திரும்ப வைப்பான். ஒரு சாயங்காலம் அத்தான் அவன் கட்டிலில் போய் உட்கார்ந்து, தன் வேட்டியை விலக்கிக் காலைக் கழற்றிக் காட்டினார். பட்டாளத்து இந்தியில் ஏதோ சொன்னார். தலையணையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவன் பேண்டேஜை அவிழ்த்து, எட்டுப் போட்டுச் சுற்றிக் காட்டி, அவிழ்த்துவிட்டு, "இப்ப நீ சுத்து" என்றார். மூன்றாம் தடவை அவன் சரியாகச் சுற்றினான்.

வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "முட்டி மடங்கியே இருந்தா பொறவு நிமிராது, கேட்டியா. நிமிராத முட்டிக்கு எந்த லிம்ப் சென்டராலயும் காலு போட முடியாது. நர்ஸ் சொன்னா கேக்கமாட்டான். நம்மள மாதிரி ஒருத்தன் சொல்லணும்."

2002இல் கண்ணிவெடியில் இடது காலை இழந்த நாகாலாந்து வீரர் ஹோகாடோ செமாவை, 2016இல் இதே நிலையத்தில் ஒரு மூத்த அதிகாரிதான் குண்டு எறிதலுக்குத் திருப்பிவிட்டார். அப்போது செமாவுக்கு 32 வயது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கினார். அந்தப் பையனுக்கு அத்தான் இதையும் சொல்லியிருக்கிறார். எல்லாரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. அவன் மறுநாள் கம்பிக்கு வந்தான். அது போதும்.

நடவு தொடங்குமுன் ஊர் வந்து சேர்ந்தோம். முதல் வெள்ளிக்கிழமை நாகராஜா கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு அத்தான் தூணைப் பிடிக்காமல் நின்றார். அக்கா அழுதாள். வயலில் இன்னும் மெதுவாகத்தான் போகிறார். மழை பெய்த வரப்பில் கம்பு வைத்துக்கொள்கிறார். மாலையில் நுனியைக் கைக்கண்ணாடியில் பார்க்கிறார். சர்க்கரை மாதம் ஒருமுறை.

அத்தானுக்குப் பென்ஷன் உண்டு, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் உண்டு, புனே உண்டு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிச் சர்க்கரையால் கால் எடுக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். பனையிலிருந்து விழுந்தவர், பைக் விபத்தில் இழந்தவர், வள்ளத்தின் புரொப்பல்லரில் மாட்டியவர் என்று மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். கால் கிடைப்பது முன்னைப்போல் அரிதில்லை. 1968 வாக்கில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே.சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் காலில் வெறுங்காலோடு நடக்கலாம், குத்தவைத்து உட்காரலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைத்த 'கதம்' என்ற செயற்கை முட்டி 2022இல் வந்தது. முகாம்களில் இலவசமாகவே கால் தருகிறார்கள். தருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் பதினோராம் நாள் புண் வந்தால் அவர் யாரிடம் போவார்? அந்தப் புண்ணையும் அந்தக் காலையும் ஒரே நேரத்தில் பார்க்க யார் இருக்கிறார்கள்?

குமரி மாவட்டத்துக்கு மாதத்தில் இரண்டு நாள், ஓர் அறை போதும். மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், கால் செய்கிறவர், நர்ஸ், மனநலம் பார்க்கிறவர் ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்து, வருகிறவரை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு நாற்காலி அத்தானைப் போன்ற ஒருவருக்கு. முன்னாள் படைவீரர்கள் இவ்வளவு பேர் இருக்கும் மாவட்டத்தில் அந்த நாற்காலிக்கு ஆள் தேட வேண்டியிராது. மாவட்ட நிர்வாகத்துக்கு அத்தானும் நானும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். படிக்கிறவர்களும் எழுதுங்கள்.

அதுவரை ஒன்று செய்யலாம். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முட்டிக்குக் கீழே கால் எடுக்கப்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால், பார்க்கப் போங்கள். முட்டிக்கு அடியில் தலையணை இருந்தால், வலிக்கு இதமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேண்டேஜ் சுற்றும் முறையை நர்ஸிடம் கேட்டுப் பழகச் சொல்லுங்கள். இல்லாத விரல் அரிக்கிறதா என்று கேளுங்கள்; ஆமென்றால், அது பெரும்பாலோருக்கு வருவதுதான் என்று சொல்லுங்கள்.